பொதுப் பாதுகாப்புத் தொலைத்தொடர்புத் தரங்களும் இந்தியப் பங்கேற்பும்

பொதுப் பாதுகாப்புத் தொலைத்தொடர்பு என்பது காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பேரிடர் மீட்பு முதலிய பணிகளில் இருப்போர் தமக்குள் பேசிக்கொள்வதற்கும், நேரவிருக்கும் ஆபத்தை மக்களுக்கு அறிவிப்பதற்கும் பயன்படும் கம்பியில்லாத் தொடர்பைக் குறிக்கும். வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் அலைவரிசை, குறியீட்டு முறை, செய்தியின் வடிவம் ஆகியவற்றை அனைவரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்க வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட விதித்தொகுப்பே தரம் எனப்படுகிறது. இத்தரங்களை இன்று பெரும்பாலும் தனி நாடுகள் வகுப்பதில்லை. பன்னாட்டுக் கூட்டமைப்புகளே வகுக்கின்றன.

பொதுவான தரத்தின் தேவையை உணர்த்தத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தொட்டியம் வட்டம் பொருத்தமான சான்றாகும். காவிரியின் வடகரையில், வாழையும் வெற்றிலையும் விளையும் இவ்வட்டத்துக்கு ஆற்றின் எதிர்க்கரை கரூர் மாவட்டம். மேற்கே நாமக்கல் மாவட்டம். மேட்டூரிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டால் அது கொடுமுடி, மாயனூர் வழியாகத் தொட்டியத்தைக் கடந்து முசிறி, முக்கொம்பு சென்று, அங்கே காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிந்து திருவரங்கத்தைச் சூழ்கிறது. வெள்ளத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது; வயர்லெஸ் கருவிகளோ பெரும்பாலும் எல்லைக்குள்ளேயே அமைக்கப்பட்டவை. முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு உடைந்தபோது பொதுப்பணி, வருவாய், காவல், தீயணைப்பு ஆகிய துறைகள் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைப் பகிர வேண்டிய நிலை எழுந்தது.

காவல் துறை வயர்லெஸ் பணிகளை ஒருங்கிணைக்கும் மைய இயக்ககம் இந்தியாவில் 1946இலேயே தோன்றிவிட்டது. ஆயினும் கருவிகளின் தரத்தை வகுத்தவர்கள் வெளிநாட்டினரே. அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய ‘புராஜெக்ட் 25’, ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்சி 1990களில் வகுத்த ‘டெட்ரா’ ஆகிய இரண்டும் காவலர் கையிலுள்ள வாக்கி-டாக்கியை டிஜிட்டல் முறைக்கு மாற்றின. ஒன்றின் கருவி மற்றதோடு பேசாது என்பதே இவற்றின் பெருங்குறை. அக்குறையைத் தீர்க்க எட்சியும் அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில்துறைச் சங்கமும் 2000ஆம் ஆண்டில் ஏற்படுத்திய கூட்டணி, பின்னர் ‘மேசா’ என்ற பெயரைப் பெற்றது. 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலின்போது, காவல் துறை ஹெலிகாப்டரிலிருந்து வந்த எச்சரிக்கை கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களைச் சென்றடையாதது உலகெங்கும் பேசப்பட்டது. அப்படியிருந்தும் மேசா தனக்கென ஓர் அலைத் தொழில்நுட்பத்தை உருவாக்கவில்லை. இருக்கும் வலையமைப்புகளை இணைக்கும் கட்டமைப்பை விவரிப்பதோடு நின்றது. பத்தாண்டுகளில் அதன் பணி ஓய்ந்தது.

அதன் இடத்தை நிரப்பியது, செல்பேசித் தரங்களை வகுக்க 1998 டிசம்பரில் உருவான 3ஜிபிபி கூட்டமைப்பு ஆகும். தனி வலையமைப்பு ஒன்றைப் பெருஞ்செலவில் கட்டுவதைவிட எல்லாரும் பயன்படுத்தும் நான்காம் தலைமுறை வலையமைப்பிலேயே காவலருக்கு முன்னுரிமை தரலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றதால், பொதுப் பாதுகாப்புக்கான தனிப் பணிக்குழு ஒன்று 2015இல் அங்கே செயல்படத் தொடங்கியது. 2016இல் நிறைவுற்ற, 3ஜிபிபி தரத்தொகுப்பின் 13ஆம் வெளியீடு, பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் குழுவினர் அனைவரோடும் பேசும் வசதியைத் தரப்படுத்தி, பேச அனுமதி கிடைக்க 300 மில்லி வினாடிக்கு மேல் ஆகக்கூடாது என வரையறுத்தது. அடுத்த வெளியீடு காணொளியையும் தரவையும் சேர்த்தது. செவோல் படகு விபத்துக்குப் பின் (2014) தேசிய வலையமைப்புக்கு முனைந்த தென்கொரியாவும், ‘ஃபர்ஸ்ட்நெட்’ என்ற பொதுப் பாதுகாப்பு வலையமைப்பை அமைத்த அமெரிக்காவும் தம் தேவைகளை இங்கேதான் முன்வைத்தன.

இந்தியாவின் தரநிர்ணய அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ 2014இல் நிறுவப்பட்டு, மறு ஆண்டே 3ஜிபிபியின் ஏழாவது நிறுவனப் பங்காளி ஆனது. அது வரை பெரும்பாலும் வாங்குவோராக இருந்த நாடு இந்த அவையில் பங்காளியாக இடம்பெற்றது அப்போதுதான். சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவிலுள்ள செவிட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்ப மையத்தின் பங்களிப்போடு உருவான ‘5ஜிஐ’ என்ற இந்தியத் தரம் அதன் குறிப்பிடத்தக்க பணி. கோபுரங்கள் ஆறு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் ஊரகப் பரப்பையும் எட்டும் அலையமைப்பை அது முன்வைத்தது. 2021 இறுதியில் 3ஜிபிபியின் 17ஆம் வெளியீட்டோடு இணைக்கப்பட்டது. படுகை நிலங்களில் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு இது காவலருக்கான சிறப்பு வசதிகளைவிட முந்திய தேவை என்றே கொள்ள வேண்டும், ஏனெனில் அலையே எட்டாத இடத்தில் முன்னுரிமைக்குப் பொருளில்லை.

மக்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் துறையில் வரலாறு வேறு வழியில் சென்றது. ‘பொது எச்சரிக்கை நெறிமுறை’ எனப்படும் காப், 2004இல் ஒயாசிஸ் என்ற பன்னாட்டுத் தர அமைப்பால் வெளியிடப்பட்டு, 2007இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. ஆபத்தின் வகை, கடுமை, உறுதி, பரப்பு ஆகியவற்றைக் கணினி படிக்கும் வடிவில் எழுதும் முறை இது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் லிர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதயம் தொண்டு அமைப்பும் இதைக் கிராம அளவில் சோதித்தன. இந்தியாவில் அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய அமைப்பைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தமிழ்நாட்டில் முன்னோட்டமாக நடத்தி, பின் 354.83 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நாடெங்கும் விரித்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும், முசிறியில் ஆற்றளவீட்டு நிலையம் வைத்திருக்கும் மத்திய நீர் ஆணையமும் இதில் எச்சரிக்கை தரும் அமைப்புகளுள் அடங்கும்.

ஒரே காப் செய்திக்குள் தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழிப் பகுதிகளை வைக்கலாம். ஆனால் அது செல்பேசியை அடையும் கட்டத்தில் இடநெருக்கடி எழுகிறது. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் செல் ஒலிபரப்பு முறையில் ஒரு பக்கம் 82 பைட் கொண்டது. ஆங்கிலத்தில் அதில் 93 எழுத்துகள் கொள்ளும், யூனிகோடு வழியான தமிழிலோ 41 குறிகளே கொள்ளும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அதனினும் குறைவு. குறுஞ்செய்திக்காகத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் சுருக்க அட்டவணைகளை 3ஜிபிபி, இந்தியா பங்காளியாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 9ஆம் வெளியீட்டில் சேர்த்திருந்தது. கருவிகள் பெரும்பாலும் யூனிகோடையே பின்பற்றியதால் அவை வழக்கில் ஊன்றவில்லை.

செல் ஒலிபரப்பின் சோதனைச் செய்திகள் 2023இல் இந்தியச் செல்பேசிகளில் உரத்த ஒலியோடு வந்தன. காவலர்க்கான அகலப்பட்டை வலையமைப்போ மெதுவாகவே நகர்ந்தது. பன்னாட்டு வானொலி மாநாடு 2015இல் 694–894 மெகாஹெர்ட்ஸ் பட்டையை இப்பணிக்குப் பரிந்துரைத்ததன் பின்னர், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜூனில் நான்காம் தலைமுறைத் தொழில்நுட்பத்தில் தேசிய வலையமைப்பு ஒன்றை அமைக்கவும் அதற்கெனத் தனி அலைக்கற்றை ஒதுக்கவும் அரசுக்குப் பரிந்துரைத்தது. காப் செய்தியில் எச்சரிக்கைப் பரப்பை வரைபடத்தில் பலகோணமாக வரையறுக்க முடிவதால், தொட்டியத்துக்கும் எதிர்க்கரைக்கும் ஒரே செய்தியில் இடம் உண்டு. இரு கரைக் காவலர்களின் வயர்லெஸுக்கு அத்தகைய பொதுப் பரப்பைத் தருவதே டிராயின் பரிந்துரையின் நோக்கமாகும்.