மாவாலையில் நடந்த விசாரணை

ஹிஜ்ரி 31, கி.பி. 651. சாசானியரின் இறுதி மன்னர் யஸ்தஜிர்து தோற்றோடி, மர்வு நகரையடுத்த ஒரு மாவாலையில் ஒதுங்கினார், அங்கே கொலையுண்டார். பொருளாசையால் ஆலைக்காரனே கொன்றான் என்பது பரவலான செய்தி. எனினும் இமாம் தபரீ, தம்முள் மாறுபடும் பல ரிவாயத்துகளைப் பதிந்துள்ளதை நாம் காண்கிறோம்.

அம்மாறுபாட்டையே நாடகமாக்கினார் ஈரானியக் கலைஞர் பஹ்ராம் பைஸாயீ. 1938-இல் தெஹ்ரானில் பிறந்த அவர், முஹர்ரம் தஅஸியா உள்ளிட்ட பழங்கலைகளை ஆராய்ந்து, 1965-இல் ‘ஈரானில் நாடகம்’ என்னும் நூலை வெளியிட்டவர். 1979-இல் எழுந்த ‘யஸ்தஜிர்தின் மரணம்’ நாடகத்தில், ஆலைக்காரனும் மனைவியும் மகளும் குற்றஞ்சாட்டப்பட்டு நிற்கின்றனர். நடந்ததை அவர்களே வேடம் மாற்றி மாற்றி நடித்துக் காட்டுகின்றனர். முடிவில், கிடக்கும் உடல் மன்னருடையதுதானா என்பதே ஐயமாகிவிடுகிறது!

பின்னர் அவரே அதனைத் திரைப்படமாக்கினார். ஈரானில் அது தடைபட்டது. போரில் பெற்றோரை இழந்த அரபு பேசும் சிறுவனைப் பற்றிய ‘பாஷு’ படமும் சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 1989-இல்தான் வெளிவந்தது. 2010-இல் அவர் தாயகம் நீங்கி, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அறிவிப்பாளரை எடைபோட்டுச் செய்தியை ஏற்பது நம் முன்னோர் வகுத்த நெறி. அறிவிக்கும் வாய்ப்பே பெறாத எளியோரையும் அழைத்து விசாரிக்கவேண்டும் என்பதே பைஸாயீயின் நாடகம் நமக்கு உணர்த்தும் பாடமாகும்.