தங்க ஊசி முதல் தொலைபேசித் தரகர் வரை: போதைச் சிகிச்சை நிலையங்களின் கதை



குடிக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையாகிவிட்ட ஒருவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வி நம்மவர் வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், பிள்ளைகளின் கலியாணம் என்னவாகும் என்ற பயம் முந்திக்கொள்ளும். கடைசியில், இனித் தாங்காது என்ற நிலையில், ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டி வரும். அவசரமும் வெட்கமும் சேர்ந்தால், யார் உரத்த குரலில் உறுதி கூறுகிறாரோ அவரை நம்பிவிடத் தோன்றும். இது இன்று நேற்று ஏற்பட்ட நிலையல்ல. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் தெரிவு செய்வது ஓரளவு இலகுவாகும் என்பதாலேயே இம்மாத உரைக்கு இதை எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் டுவைட் என்ற சிற்றூர். 1879ஆம் ஆண்டு லெஸ்லி கீலி என்ற வைத்தியர் அங்கே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். குடிவெறி ஒரு நோய், அதைத் தன்னால் குணப்படுத்த முடியும் என்றார். குடிகாரனைப் பாவி என்றும் சோம்பேறி என்றும் ஊர் ஏசிய காலத்தில் இது பெரிய வார்த்தை. வந்தவர்களை அவர் பூட்டி வைக்கவில்லை. நாளுக்கு நான்கு தடவை ஊசி, இடையிடையே குடிக்க ஒரு மருந்து, இப்படி நான்கு வாரங்கள். அந்த மருந்தில் தங்கம் கலந்திருப்பதாகச் சொன்னார். செய்முறை இரகசியம்.

1891இல் சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகையின் அதிபர் ஜோசப் மெடில், இதைச் சோதிக்கவென்று குடிகாரர் சிலரைத் தெரிந்தெடுத்து டுவைட்டுக்கு அனுப்பினார். போனவர்கள் புது மனிதராகத் திரும்பினார்கள் என்று பத்திரிகை எழுதியது. பிறகென்ன, சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் முளைத்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள் என்று நிலையமே கணக்குச் சொன்னது. ஆனால் வாசலைத் தாண்டிப் போனவர் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று வெளியார் எவரும் முறையாகக் கணக்கெடுக்கவில்லை. மருந்தைப் பரிசோதித்த இரசாயனவியலாளர்கள் சொன்ன பட்டியல்களும் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. கீலி 1900இல் இறந்தார். புகழ் மங்கிய பிறகும் டுவைட் நிலையம் 1960களின் நடுப்பகுதிவரை நடந்தது. பலருக்கு அங்கே உண்மையில் உதவியது தங்கமல்ல. ஓய்வும், ஒழுங்கான சாப்பாடும், தம்மைப் போலவே துன்பப்பட்டவர்களின் துணையும்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

அதே காலத்தில் தபாலில் விற்கப்பட்ட அபின் நிவாரணிகள் இன்னும் மோசம். அபினை மறக்கச் செய்யும் என்று விற்ற போத்தல்கள் சிலவற்றில் அபினிலிருந்து எடுத்த மோர்பினே இருந்தது. 1906இல் அமெரிக்கா கொண்டுவந்த உணவு, மருந்துச் சட்டம்தான் இத்தகைய பொருட்களைப் போத்தலில் எழுதியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

1935 முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் பண்ணையோடு கூடிய பெரும் வைத்தியசாலை ஒன்றைத் திறந்தது. கைதிகளும் தாமாக வந்தவர்களும் அங்கே ஒன்றாகச் சிகிச்சை பெற்றார்கள். வெளியேறியவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலானோர் விரைவிலேயே பழைய பழக்கத்துக்குத் திரும்பியது தெரிந்தது. உடலிலிருந்து நஞ்சை இறக்குவது சிகிச்சையின் தொடக்கம் மட்டுமே என்பது அங்கே தெளிவாயிற்று.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஒகையோ மாநிலத்தில் பில் வில்சன், வைத்தியர் பொப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளர் ஒருவரையொருவர் தாங்கத் தொடங்கினார்கள். அதுவே பெயர் வெளியிடாத குடிநோயாளர் சங்கமாக வளர்ந்தது. 1949இல் மினசோட்டாவில் தோன்றிய ஹேசல்டன் போன்ற நிலையங்கள் அந்தச் சங்கத்தின் வழியையும் வைத்தியர், ஆலோசகர் ஆகியோரின் பணியையும் ஒன்றாகச் சேர்த்தன. 28 நாள் தங்கிப் பெறும் சிகிச்சை பரவியது இந்த வழியில்தான்.

நமக்கு நெருக்கமான ஒரு கிளையும் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவில் பயிற்சி பெற்று, 1980இல் சென்னையில் கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தினரும் சிகிச்சையில் பங்கெடுக்க வேண்டும் என்பது அங்கே முக்கியமான முறை.

எல்லா முயற்சிகளும் நன்றாக முடியவில்லை. 1958இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சினனொன் என்ற குழு, போதையிலிருந்து மீண்டவர்களே நடத்திய இல்லமாகப் புகழ்பெற்றது. போகப்போக, வந்தவர்கள் வெளியேறவே கூடாது என்ற நிலைக்குப் போனது. தங்களை எதிர்த்து வழக்காடிய சட்டத்தரணியின் தபால் பெட்டியில் 1978இல் அதன் ஆட்கள் விஷப்பாம்பை வைத்தார்கள். 1991இல் அது கலைந்தது.

மருந்தின் வழியும் இடையில் வளர்ந்தது. 1965இல் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற நியூயோர்க் வைத்தியர்கள் ஹெரோயின் அடிமைகளுக்கு மெதடோன் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார்கள். 2002இல் அமெரிக்காவில் இதற்குப் புப்ரெநோர்பின் அனுமதிக்கப்பட்டது. இவை மரணத்தைக் குறைக்கின்றன என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆயினும் ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று சொல்லி மறுக்கும் நிலையங்கள் இன்றும் உண்டு.

கீலியின் காலத்து விளம்பரமும் மறைந்துவிடவில்லை. 2010களில் புளோரிடாவில், காப்புறுதி உள்ள நோயாளிகளைத் தொலைபேசியில் பிடித்து, தரகுப்பணத்துக்காக நிலையங்களுக்கு அனுப்பும் தரகர்கள் பெருகினார்கள். 2017இல் கூகுள் நிறுவனம் இத்துறை விளம்பரங்களை மட்டுப்படுத்த நேர்ந்தது. 2018இல் அமெரிக்க மத்திய அரசு இத்தரகுக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது.

ஆகவே, நேயர்களே, நிலையத்தைத் தெரிவு செய்யும்போது இந்த வரலாறு சொல்லித்தரும் கேள்விகளைக் கேளுங்கள். குணமாகும் வீதம் இவ்வளவு என்றால், எப்போது, யார் எடுத்த கணக்கு? என்ன மருந்து, ஏன் என்று விளக்குவார்களா? தகுதி பெற்ற வைத்தியரும் தாதியும் இருக்கிறார்களா, அரசு அனுமதி உண்டா? நோயாளி வீட்டாரோடு பேசலாமா, விரும்பினால் வெளியேறலாமா? குடும்பத்துக்கு என்ன பங்கு? வீடு திரும்பிய பின் ஓராண்டுக்கு யார் பார்ப்பார்கள்? உங்களுக்கு வழிகாட்டுபவருக்கு அந்த நிலையம் பணம் கொடுக்கிறதா? முழுக் குணத்துக்கு உத்தரவாதம் என்று ஒருவர் சொன்னால், அங்கேயே விலகிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நீண்ட காலம் அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் அடைத்துவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். அதேபோல, ஹெரோயின் போன்றவற்றைச் சிலகாலம் விட்டவர் பழைய அளவை மீண்டும் எடுத்தால் உடல் தாங்காது. வெளியேறிய முதல் வாரங்களே மிக ஆபத்தானவை.

எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் போகவேண்டிய இடம் உங்கள் குடும்ப வைத்தியர். அவர் உங்கள் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பிள்ளையை அந்த வேலைக்கு இருத்தாதீர்கள். மீண்டும் விழுந்தால், அந்த மனிதரையும் சிகிச்சையையும் கைவிட்டுவிட வேண்டாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் திரும்பக் கூடினால் வைத்தியரிடம் மறுபடி போகிறோமல்லவா, அதைப் போலத்தான் இதுவும்.