நிறப்பெயர்கள், ஜெர்மானிய மொழிகளில்

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் முதலிய ஜெர்மானிய மொழிகளில் வர்ணங்களைக் குறிக்கும் சொற்றொகுதி. உற்பத்தி நோக்கில் இவை தொன்மரபுச் சொற்கள், பொருட்பெயர்களினின்று பின்னர் அமைந்தவை என இருவகைப்படும். முன்னவற்றுள், செம்மையைக் குறிக்கும் ஆங்கில ‘ரெட்’, ஜெர்மன் ‘ரோட்’ என்பன சம்ஸ்கிருத ‘ருதிர’ என்பதனோடும், வெண்மையைக் குறிக்கும் ‘ஒயிட்’, ‘வைஸ்’ என்பன ‘சுவேத’ என்பதனோடும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தினின்று பிறந்தவையாகும். பசுமையைக் குறிக்கும் ‘கிரீன்’, வளர்தலை உணர்த்தும் ‘குரோ’ என்னும் வினையோடு உறவுடையது. கருமைக்கு ஜெர்மன் மொழி ‘ஷ்வார்ட்ஸ்’ என்னும் பழஞ்சொல்லையே போற்றிவர, ஆங்கிலத்தில் ‘பிளாக்’ அதன் ஸ்தானத்தைப் பெற்றது. நீலத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல், பிராங்கியர் மொழியினின்று பழைய பிரெஞ்சு மொழியிற் புகுந்து, அதன் வாயிலாக மத்திய காலத்தில் ‘புளூ’ என ஆங்கிலத்தை அடைந்தது. பின்னவற்றுள் ஒன்றான ‘ஆரஞ்சு’, முதலிற் பழத்தின் பெயராக வழங்கி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில நிறப்பெயராயிற்று. அதன் மூலமாகிய சம்ஸ்கிருத ‘நாரங்க’ திராவிடச் சொல்லென்று கருதப்படுகிறது.