சான்றிதழ்க் கோப்பும் கட்-ஆஃபும்: சேரன்மகாதேவியிலிருந்து ஒரு பார்வை

பலதுறைச் செயல்பாடுகள் கல்லூரிச் சேர்க்கைக்குத் துணையா, சுமையா? சேரன்மகாதேவியில் இதைக் கேட்டால் இரண்டும் இல்லை என்பதே நேர்மையான விடை. பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்ற கட்-ஆஃபில் நிற்கிறது. நுழைவுத்தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இதுவே வழக்கம்.

சென்ற ஆண்டு இவ்வூர்க் கணினி மையமொன்றில் விண்ணப்பிக்க வந்த ஒரு மாணவியின் கோப்பைப் புரட்டினேன். பேச்சுப்போட்டி, கோலம், சதுரங்கம், சாரணர், அறிவியல் கண்காட்சி என உறை உறையாகச் சான்றிதழ்கள். மையக்காரர் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றையும் மட்டும் உருவிக்கொண்டு கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விலக்குகள் உண்டு. விளையாட்டு ஒதுக்கீடும், அரசு கலைக் கல்லூரிகளில் என்.சி.சி. போன்ற சிறப்புப் பிரிவுகளும் அவை. ஆனால் விளையாட்டில் மாநில அளவா, தேசிய அளவா என்றுதான் கேட்பார்கள். எத்தனை வகை ஆடினாய் என்றல்ல. சென்னை ஐ.ஐ.டி. 2024-25இல் விளையாட்டுக்கும், அடுத்த ஆண்டு கலைகளுக்கும் தனி இடங்கள் திறந்தது. அங்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயர் இருந்தாக வேண்டும்.

அப்படியானால் அமெரிக்காவைப் போலப் பன்முகத்தன்மையையும் எடைபோடலாமே என்போர் அந்த முறையின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1922இல் ஹார்வர்டு தலைவர் லோவல் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட முயன்றார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. 1926க்குள் 'குணநலன்' என்னும் அளவுகோல் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தது. சமூகவியலாளர் ஜெரோம் காரபெலின் ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது.

அதே 1922இல்தான் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் கல்லிடைக்குறிச்சியில் குருகுலத்தைத் தொடங்கிப் பின் சேரன்மகாதேவிக்குக் கொண்டுவந்தார். தமிழ்க் கல்வியோடு உடற்பயிற்சியும் கைத்தொழிலும் சேர்ந்த, குமாஸ்தா படிப்புக்கு எதிரான துணிந்த திட்டம் அது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் முதல் தவணையாக 5,000 ரூபாய் தந்தது. அதைக் கவிழ்த்தது பாடத்திட்டமல்ல, பந்தி. பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சோறு போட்டதை அன்று காங்கிரஸிலிருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். சச்சரவு ஓயுமுன், 1925 ஜூனில், ஐயர் பாபநாசம் அருவியில் மாண்டார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் வாதம் இதுதான்: அளவுகோல் விரிய விரிய, அதைப் பிடித்திருக்கும் கையின் மனச்சாய்வுக்கும் இடம் கூடுகிறது. கட்-ஆஃபும் தூய்மையானதல்ல, டியூஷன் பணம் அதிலும் புகுந்துவிடுகிறது. என்றாலும் வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றே. திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிச் சென்று சதுரங்கம் பயில யாருக்கு வசதி என்பது அப்படியல்ல. ஆகவே செயல்பாடுகள் கால அட்டவணையில் இருக்கட்டும், விண்ணப்பத்தில் வேண்டாம் என்பேன்.

கால அட்டவணையில் இருக்கின்றனவா என்பது வேறு கதை. அந்த மாணவி ப்ளஸ் ஒன்னோடு சதுரங்கத்தை விட்டுவிட்டாளாம். ஏன் என்றேன்.

"பி.டி. பீரியட்ல கணக்கு சார் வந்துருவாவ, சார்."