போக்கியமும் பைஉல் வஃபாவும்

கண்ணமங்கலம் முதலிய ஆரணிப் பக்கத்து நெசவூர்களில் ‘வீடு போக்கியத்துக்கு’ என்பது நாம் அன்றாடம் கேட்கும் சொல். பணம் கொடுத்தவர் வாடகையின்றிக் குடியிருப்பார். வீட்டுக்காரர் வட்டியின்றிப் பணத்தை ஆள்வார். கெடு முடிந்ததும் முதல் திரும்பும். வட்டி என்ற பேச்சே இல்லை, ஆகவே குற்றமில்லை என்று நம்மவர் பலர் கருதுகின்றனர்.

இச்சிக்கல் பன்னூறாண்டுகட்கு முன்னரே புகாரா, பல்கு நகர்களில் எழுந்தது. ரஹ்னாக, அதாவது ஈடாக, வைத்த நிலத்தைக் கடன் கொடுத்தவன் அனுபவித்தால் அது ரிபாவாகிவிடுமே என்றஞ்சிய மக்கள், விலையைத் திருப்பித் தந்தால் நிலத்தை மீட்டளிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு விற்றனர். அதுவே பைஉல் வஃபா. ஹனபி ஃபுகஹாக்களில் ஒரு சாரார் மக்களின் தேவை கருதி இசைந்தனர். உதுமானியரின் மஜல்லாவில் 118-ஆவது விதி இதற்குரியது. 1806-ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குச் சட்டமும் இப்பெயரையே எடுத்தாண்டது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமோ நிபந்தனை விற்பனை அடமானம், அனுபவ அடமானம் எனத் தனித்தனியே வகுத்தது. நம் போக்கியம் பின்னதற்கே நெருங்கிய உறவு.

1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமி, பைஉல் வஃபாவே பயன் ஈட்டும் கடன்தான் எனக் கூறி விலக்கியது. விற்பனை என்று பெயர் சூட்டியதற்கே இக்கதி! சிறு வாடகை ஒன்றைப் பத்திரத்தில் எழுதிவிட்டால் போதும் என்பாரும் உளர். ஊர் வாடகை எங்கே, அந்தப் பெயரளவு வாடகை எங்கே?