தீவகத்து வீடுகளிற் பின்னற்றொழில்

தைப்பொங்கலுக்கு முன்னர் வீட்டைத் துப்புரவு செய்வது நம்மவர் வழக்கம். அலுமாரியின் அடித்தட்டையும் பரணையும் ஒழிக்கும்போது நாம் மறந்துபோன பொருள்கள் பல வெளிவரும். அவற்றுள், நூற்பந்துகளும் பின்னல் ஊசிகளும் பாதியிலே நின்றுபோன ஒரு குழந்தைச் சட்டையும் பல வீடுகளில் அகப்படும். இவற்றை எறிந்துவிடுவதா, எடுத்து வைப்பதா, அல்லது அமர்ந்து முடித்துவிடுவதா என்று வீட்டுப் பெண்கள் சிறிது நேரம் தயங்கி நிற்பர். அத்தயக்கம் சிறியதாயினும், அதன் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துத் தீவகம் அவ்வரலாற்றை நன்கு எடுத்துக்காட்டும்.

குடாநாட்டின் மேற்கே ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என விரிந்து கிடக்கும் நிலப்பகுதியையே தீவகம் என்கின்றோம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். நெடுந்தீவு 'டெல்வ்ற்' ஆயிற்று. வேலணைத் தீவு 'லெய்டன்' ஆயிற்று. ஆயின் அங்கு வாழ்ந்தோரின் வாழ்க்கையை வகுத்தவை அப்பெயர்கள் அல்ல. முருகைக்கல்லும் மணலும் கலந்த நிலமும், ஆண்டிற் சில திங்களே பெய்யும் மழையும், நாற்புறமும் சூழ்ந்த கடலும், வானளாவ நின்ற பனையுமே அவ்வாழ்க்கையை வகுத்தன. நெடுந்தீவிலே சாந்தின்றி முருகைக்கற்களை அடுக்கியே வேலி அமைத்தனர். கிடைத்த பொருளைக் கொண்டு தேவையை நிறைவுசெய்யும் அதே அறிவு வீட்டினுள்ளே பனையோலையிற் செயற்பட்டது.

நெய்தலுக்கும் பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு நோக்குதல் வேண்டும். நெய்தற்குத் தறி வேண்டும். பாவும் ஊடையும் வேண்டும். தறிக்கு நிலையான இடமும் வேண்டும். பின்னலுக்கு இரு கைகளும் மடியும் போதும். அடுப்பில் உலை கொதிக்கும் வரை பின்னலாம். குழந்தை அழுதால் வைத்துவிட்டு எழலாம். மீண்டும் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதனாலேயே நெய்தல் ஒரு தொழிலாளர் குழுவுக்கு உரியதாக நிற்க, பின்னல் வீடுதோறும் பெண்களின் கையில் வளர்ந்தது. அதற்கெனத் தனி அறை இருந்ததில்லை. திண்ணையும் முற்றத்து மரநிழலுமே பட்டறையாயின.

பட்டறை இல்லையென்பதால் ஒழுங்கும் இல்லை என்று எண்ணுதல் தவறு. குருத்தோலையை ஒன்றுக்கும், சார்வோலையை மற்றொன்றுக்கும் எனப் பிரித்தனர். ஓலையை வெயிலிற் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலமாக வார்ந்து, கட்டுக்கட்டாக வைத்தனர். வறண்ட ஓலை பின்னும்போது முறியும். ஈரம் மிகுந்த ஓலை காய்ந்தபின் சுருங்கிப் பின்னலைத் தளர்த்தும். ஆகவே பதமறிந்து எடுப்பதே பாதித் தொழில். நீக்கிய ஈர்க்கும் வீணாகவில்லை. அது விளக்குமாறாகியது, சுளகுக்கு வலுவூட்டியது. ஓலைத்தண்டின் நார் கடகத்தின் விளிம்பைக் கட்டியது.

இவ்வாறு பின்னப்பட்டவை யாவை? நெல்லும் எருவும் சுமக்கக் கடகம், ஒடியலும் தானியமும் வைக்கப் பெட்டி, மீன் கொண்டுவர உமல், மாவை ஆவியில் அவிக்க நீத்துப்பெட்டி, புடைக்கச் சுளகு, பனங்கட்டிக்குக் குட்டான், வெற்றிலையும் சில்லறைக் காசும் மடியிற் செருக ஒரு சிறு கொட்டைப்பெட்டி, அமரத் தடுக்கு, படுக்கப் பாய். இப்பட்டியலைச் சற்றே ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவற்றுட் பெரும்பாலானவை பொருள்களைப் பிரித்து வைக்கவும், மூடி வைக்கவும், எடுத்துச் செல்லவும் உதவுவன. தீவகத்துப் பெண் பின்னும்போதே வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். பின்னுதல் ஒரு வேலை, ஒழுங்குசெய்தல் மற்றொரு வேலை என்ற பிரிவு அவளுக்கு இருந்ததில்லை. ஒன்றனுள் ஒன்று அடங்கும் அடுக்குப்பெட்டியை முதன்முதற் பின்னியவர் எவராயினும், வீட்டிலே இடம் எத்துணை அரியது என்பதை நன்கு அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

கழிக்கப்படும் பொருளுக்கும் ஒரு வழி இருந்தது. நெல் சுமந்த கடகம் நைந்தால் சாம்பலும் எருவும் சுமக்கும். அதுவும் இயலாதபோது மண்ணோடு சேரும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பனையோலையை நிலத்திற் புதைத்துப் பசளையாக்கியவர்கள் அல்லரோ! எனவே பழையன குவிந்து வீட்டை அடைக்கும் நிலை பெரிதும் ஏற்படவில்லை.

இனி, உடையை நோக்குவோம். தீவகம் உடைக்கு அளித்த பெரும் பொருள் நூலன்று; நிறம். மணற்பாங்கான இந்நிலத்திலே தானாக வளர்ந்த சாயவேர் என்னும் சிறு செடியின் வேர்ப்பட்டை, படிகாரத்தோடு சேர்ந்து பருத்தித் துணிக்கு அழகிய செந்நிறம் ஊட்டும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் கிடைத்த இவ்வேரின் வாணிகத்தை ஒல்லாந்தக் கம்பனி தன் உரிமையாக்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் கொமாண்டராக இருந்த ஸ்வார்டிகுரூன் 1697இல் எழுதிவைத்த ஆட்சிக் குறிப்பிலும் சாயவேர் இடம்பெறுகின்றது. வேர் தோண்டும் வேலை கட்டாயக் கடமையாகச் சில குலத்தினர்மீது சுமத்தப்பட்டிருந்தது. தோண்டியவர் உடுத்த துணியிலே அந்நிறம் ஏறியிருக்குமோ என்பது ஐயமே.

1868இல் செருமானிய வேதியியலாளர் கிரேபேயும் லீபர்மனும் இதே செந்நிறத்தின் மூலப்பொருளான அலிசரினை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். மலிவான செயற்கைச் சாயம் சந்தைக்கு வந்ததும் உலகெங்கும் வேர்ச்சாயங்களின் மதிப்பு வீழ்ந்தது. சாயவேர் வாணிகமும் மறைந்தது. ஆனால் பனையோலைப் பின்னல் மறையவில்லை. பிறர் கட்டளைக்காகத் தோண்டிய வேர் சந்தையோடு அழிந்தது. தம் வீட்டுக்காகப் பின்னிய பெட்டி வீட்டோடு நிலைத்தது. வரலாறு தரும் இப்பாடம் சிந்திக்கத்தக்கது.

ஊசிகொண்டு நூலைப் பின்னி உடை ஆக்கும் கலை நம்மிடம் வந்தது வேறு வழியாக. எகிப்திலே கண்டெடுக்கப்பட்ட பழைய பருத்திக் காலுறைகள் இக்கலையின் தொன்மைக்குச் சான்று. ஐரோப்பாவிற் பரவிய அக்கலையை, 19ஆம் நூற்றாண்டிலே கிறித்தவ மிசன் பள்ளிகள் நம் நாட்டுப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தின. தென்தமிழகத்து நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் அவர் மகளாகிய எலைசா கால்டுவெல் அம்மையாரும் பெண்களுக்கு 'லேஸ்' பின்னல் கற்பித்தனர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1824இல் உடுவிலில் மகளிருக்கென உண்டுறை பள்ளியை நிறுவினர். 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். எழுத்தும் எண்ணும் கற்ற பெண்கள் தையலும் பின்னலும் கற்றனர். கடலால் பிரிக்கப்பட்ட தீவகத்துக்கும் பள்ளிகள் வழியே அவ்வறிவு மெல்ல வந்து சேர்ந்தது.

ஓலை பின்னிப் பழகிய விரல்களுக்கு நூல் பின்னுதல் கடினமன்று. எண்ணிக்கை தவறாமை, இழுவிசை மாறாமை, விளிம்பை முடித்தல் ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஓலை முற்றத்துப் பனையிலிருந்து வந்தது. நூலோ காசு கொடுத்துக் கடையில் வாங்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளை எறிய மனம் வாராது. அடுத்த தொப்பிக்கு ஆகும், அடுத்த காலுறைக்கு ஆகும் என்று எஞ்சிய நூலைச் சேர்த்து வைக்கும் வழக்கம் அப்போதே தோன்றியிருத்தல் வேண்டும். முடிவுறாத வேலை வீட்டில் தேங்கத் தொடங்கியதும் அவ்வாறே. அந்நூலையும் ஊசியையும் வைக்கப் பல வீடுகளில் உதவியது பழைய ஓலைப்பெட்டியே என்பதை எண்ணும்போது முறுவல் தோன்றுகின்றது. புதிய கலைக்குப் பழைய கலையே இடம் கொடுத்தது.

நூற்பின்னலுக்கு ஓலைப்பின்னலுக்கு இல்லாத ஒரு சிறப்பு உண்டு. ஒரே நூல் கண்ணிகண்ணியாகக் கோக்கப்படுவதால், முடிச்சை அவிழ்த்து இழுத்தால் முழு ஆடையும் மீண்டும் நூலாகிவிடும். பிள்ளை வளர்ந்து சட்டை சிறுத்துவிட்டால், அதை அவிழ்த்து, நூலைக் கழுவிச் சுருக்கம் நீக்கி, இளைய பிள்ளைக்கு வேறொன்று பின்னலாம். நைந்த கடகத்துக்கு மண் ஒரு வழியானதுபோல், சிறுத்த சட்டைக்கு இது ஒரு வழி.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி இரு பின்னல்களையும் சோதித்தது. பிளாஸ்டிக் கூடை கடகத்தின் இடத்தைப் பிடித்தது. 1950களின் பிற்பகுதி முதல் நைலோன் வலை வந்து, பருத்தி நூல் வலைகளைப் படிப்படியாக அகற்றியது. ஆலைச் சட்டை கைப்பின்னற் சட்டையை விஞ்சியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டதும் ஓலைக் கைப்பணிக்குப் பயிற்சியும் சந்தையும் தேடும் முயற்சி தொடங்கியது. ஆயின் 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்கள் பெருந்தொகையாக வீடுகளை விட்டு அகன்றனர். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை ஆறுதலாக எண்ணிப் பார்க்க அன்று நேரம் இருக்கவில்லை. பரணிலிருந்த பெட்டிகளும் பெட்டிக்குள் இருந்தவையும் அங்கேயே விடப்பட்டன. கையில் இருந்த அறிவு மட்டும் உடன் சென்றது. பின்னர் திரும்பி வந்து ஓலை வார்ந்தவர்களும் உளர். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறி, பனிக்காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குக் கம்பளி நூலெடுத்தவர்களும் உளர்.

நேயர்களே, தொடக்கத்திற் கண்ட அந்தப் பாதிச் சட்டைக்கு இனித் திரும்புவோம். தீவகத்து மூதாட்டியர் நமக்கு விட்டுச்சென்ற முறை எளியது. பயன்படுவதை முடியுங்கள். பயன்படாததை அவிழ்த்து நூலாக்குங்கள். நூல் மிகுந்தால், பின்னத் தெரிந்த அயலாளுக்குக் கொடுங்கள். ஊசியை மட்டும் எறியாதீர்கள். வீட்டில் எட்டு வயதுச் சிறுமியோ சிறுவனோ இருந்தால், அருகில் இருத்தி முதற் கண்ணியைப் போடக் காட்டிக்கொடுங்கள். பொருளை வைக்கத்தான் பெட்டி வேண்டும். கைப்பழக்கத்துக்கு அது வேண்டியதில்லை. ஆனால் கற்றுக்கொடுக்க ஒருவர் இல்லாவிடில், எத்தனை பெட்டிகள் இருந்தும் அதைக் காத்தல் இயலாது.