முப்பது இலட்சம் ரூபாயும் ஊர்ப் பள்ளிக்கூடங்களும்

1901ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் ஒரு மாநாடு கூடியது. அலிகரில் வேர்கொண்டு, பெரும்பாலும் ஆண்டுக்கு ஓர் ஊராக நடமாடிக்கொண்டிருந்த முஹம்மதன் கல்வி மாநாடு அது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி போடம் தலைமை வகித்தார். மாநாடு கலைந்த மறு ஆண்டு, 1902இல், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் பிறந்தது. சென்னை நியூ காலேஜைத் தொடங்கிய சங்கம் என்றால் நம் வாசகர்களுக்கு உடனே விளங்கும். ஆனால், அந்தக் கல்லூரி தொடங்கப்பட்டது 1951இல். மேடைக்கும் கட்டடத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு. மாநாடு என்ற அமைப்பு எதைத் தரவல்லது, எதைத் தர இயலாதது என்பதை அந்த இடைவெளியைக் கொண்டே ஆராயலாம் என்று கருதுகிறோம்.

சர் ஸையித் அஹ்மத் கான் 1886 டிசம்பரில் அலிகரில் இம்மாநாட்டைத் தொடங்கினார். முந்தைய ஆண்டு தோன்றிய தேசியக் காங்கிரஸைப் போலவே இதற்கும் முதலில் காங்கிரஸ் என்றே பெயர். 1890இல்தான் அது மாநாடு என்று மாற்றப்பட்டது. காங்கிரஸ் கூடும் அதே டிசம்பர் விடுமுறையிலேயே இதுவும் கூடிற்று. முஸ்லிம்கள் அங்கே போகாமல் இங்கே வரவேண்டும் என்ற அரசியல் எண்ணமும் இதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எனினும், அரசியலை மட்டும் பார்ப்போர் அம்மாநாட்டின் அன்றாட வேலையைக் காணத் தவறுகின்றனர். மாவட்டங்களிலிருந்து வந்தோர் தத்தம் ஊர்க் கல்வி நிலையை எடுத்துரைத்தனர். இரண்டாம் மாநாட்டில், 1887இல், லக்னோவில், முஸ்லிம்களின் கடந்தகாலக் கல்வியைப் பற்றி ஷிப்லி நுஃமானீ ஆய்வுரை படித்தார். ஹாலி கவிதை படித்தார். டெப்டி நஸீர் அஹ்மத் பேசும் நாளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. 1893இல் கல்லூரி முதல்வர் தியோடர் பெக் ஒரு கல்விக் கணக்கெடுப்பைத் தொடங்கிவைத்தார். எத்தனை குடும்பங்களுக்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வசதி இருக்கிறது, அவர்களுள் எத்தனை பேர் படிக்க வைக்கவில்லை என்று ஊர் ஊராக விசாரிக்கும் வேலை அது. புலம்பலைக் கணக்காக மாற்ற முயன்ற இந்தச் செயலை, மாநாட்டின் தீர்மானங்கள் அனைத்தையும்விட மேலானதாக நாம் மதிக்கிறோம்.

பணத்தின் கதை வேறு. சர் ஸையித் நிதிக்காகச் செய்யாதது இல்லை. பஞ்சாபில் ஊர் ஊராகப் பயணம் செய்தார். பொருட்காட்சி மேடையில் ஏறி நின்றார். மார்க்க அறிஞர்கள் முகம் சுளித்த லாட்டரியைக்கூட நடத்தினார். நன்கொடையாளர் பெயர்களைக் கல்லூரிச் சுவர்களில் பொறித்து வைத்தார். ஆனால், சேர்ந்த பணம் ஒரே இடத்துக்குப் போகவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஊர்தோறும் வலுவற்ற சிறு பள்ளிகளைத் தொடங்குவது சக்தியைச் சிதறடிப்பது, அலிகர் ஒன்றை முழுமையாக்கினால் அதிலிருந்து ஏனையவை பிறக்கும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் தன் ஊரில் மக்தப் ஒன்றுக்கே ஆசிரியர் கிடைக்காத ஒருவர், எங்கோ தொலைவிலுள்ள கல்லூரிக்கு எதற்காகப் பணம் தரவேண்டும் என்ற கேள்வி அவருடைய காலத்தில் தீரவில்லை. போதாக்குறைக்கு, கல்லூரியின் தலைமை எழுத்தர் ஒரு இலட்சம் ரூபாய்க்கும் மேல் கையாடியிருந்தது 1895இல் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்து, 1898 மார்ச்சில், சர் ஸையித் காலமானபோது கல்லூரி கடன் சுமையில் இருந்தது.

அவருக்குப் பின் நவாப் முஹ்ஸினுல் முல்க் காலத்தில் மாநாடு உண்மையிலேயே நாடு தழுவியதாயிற்று. 1899இல் கல்கத்தா, 1901இல் சென்னை, 1903இல் பம்பாய், 1906இல் டாக்கா, 1909இல் ரங்கூன். முஸ்லிம் லீக் உருவானது டாக்கா மாநாட்டுக்கு வந்திருந்தோர் கூடிய கூட்டத்தில்தான் என்பது பலரும் அறிந்தது. சென்னையில் கூடியபோது மாநாட்டின் மொழி உருதுவே. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அரபுத் தமிழில் படித்துவந்த மரபுக்கும் அந்த மேடைக்கும் இடையே இருந்த தூரம் கல் கணக்கில் அளக்கக் கூடியதன்று. மாநாடு வருவதற்கு முன்பே வேலூரில் அப்துல் வஹ்ஹாப் ஹழ்ரத் அவர்களின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் தென்னாட்டு முஸ்லிம்களின் ஆதரவிலேயே வளர்ந்துவந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். கொடுக்கும் வழக்கத்தைச் சென்னை மாநாடு நமக்குப் புதிதாகக் கற்பிக்கவில்லை. நவீனக் கல்விக்கும் அப்படிக் கொடுக்கலாம், அதற்கென ஒரு சங்கம் வைக்கலாம் என்பதையே அது உணர்த்திற்று. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் எழுந்ததும், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி 1951இல் எழுந்ததும் உள்ளூர் வணிகர்களின் கையால்.

இனி நாம் சொல்ல வந்த முக்கியச் செய்திக்கு வருவோம். 1910 டிசம்பரில் நாகபுரியில் கூடிய மாநாடு, அலிகர் கல்லூரியைப் பல்கலைக்கழகமாக்குவது என்று தீர்மானித்தது. ஆகா கான் தலைமையில் நிதி திரட்டும் பணி 1911இல் தொடங்கிற்று. அவர் தாமே ஒரு இலட்சம் தந்தார். போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம் ஒரு இலட்சம் தந்தார். ஷவுகத் அலி ஊர் ஊராக உடன் சென்றார். நகரங்களில் பொதுக்கூட்டம் கூட்டுவதும், மேடையிலேயே சந்தா அறிவிப்பதும், பின்னர் வசூலிக்க அலைவதுமாக இரண்டாண்டுகள் கழிந்தன. அரண்மனைகளின் இலட்சங்களோடு எளியோரின் சில்லறைக் காசுகளும் சேர்ந்தன.

இவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வந்தது? இணைப்பு அதிகாரம் என்ற ஒரு சொல்லிலிருந்து என்பது நம் கருத்து. வரவிருந்த பல்கலைக்கழகம் இந்தியா முழுவதிலுமுள்ள முஸ்லிம் பள்ளிகளையும் கல்லூரிகளையும் தன்னோடு இணைத்துக்கொள்ளும் என்பதே மக்களுக்குச் சொல்லப்பட்ட திட்டம். சர் ஸையித் காலத்துப் பழைய கேள்விக்கு அது நல்ல விடையாக அமைந்தது. அலிகருக்குக் கொடுக்கும் ரூபாய் என்றேனும் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரும் என்று கொடுத்தவர் நம்பலாம்.

1912 ஆகஸ்டில் அரசாங்கம் அந்த நம்பிக்கையை முறித்தது. அலிகருக்கு வெளியே எந்த நிறுவனத்தையும் இணைக்கக் கூடாது, பெயரும் முஸ்லிம் பல்கலைக்கழகம் என்றிராமல் அலிகர் பல்கலைக்கழகம் என்றே இருக்கவேண்டும் என்று அறிவித்தது. நிதிக்கொடையாளர் நடுவே பெரும் பிளவு தோன்றிற்று. கிடைத்ததை ஏற்போம் என்றனர் ஒரு சாரார். முஹம்மது அலி போன்றோர் அந்த நிபந்தனைகளை ஏற்க மறுத்தனர். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் இதே வரம்பை ஏற்று 1915இல் சட்டமானபின் எதிர்ப்பு மெல்லத் தளர்ந்தது.

1920இல் நிறைவேறிய சட்டத்தில் பெயர் மீண்டது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் என்றே அமைந்தது. இணைப்பு அதிகாரம் மீளவில்லை. சமுதாயம் சேர்த்த பணத்திலிருந்து முப்பது இலட்சம் ரூபாயை நிலையான வைப்பாக வைக்கவேண்டும் என்று சட்டம் விதித்தது. முதல் வேந்தராகச் சுல்தான் ஜஹான் பேகம் அமர்ந்தார். பெயரைக் காத்தோம் என்று அன்று மகிழ்ந்தவர்களை நாம் குறைகூற முடியாது. ஆனால், இரண்டில் எது பெரியது என்று கேட்டால், இழந்ததே பெரியது என்போம். அதே ஆண்டு அக்டோபர் 29இல், அரசாங்கத் தொடர்பே வேண்டாம் என்று வெளியேறியோர் ஜாமிஆ மில்லியாவைத் தொடங்கினர். அது தனிக் கதை.

அந்தச் சந்தாக்கள் முப்பது இலட்சத்தோடு முடிந்துவிடவில்லை. 1967இல் அஸீஸ் பாஷா வழக்கில், அலிகர் பல்கலைக்கழகத்தை நிறுவியது முஸ்லிம்கள் அல்லர், மத்திய சட்டமன்றத்தின் சட்டமே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்தவர்கள் கொடுத்தது உண்மை, நிறுவியவர்கள் ஆகமாட்டார்கள் என்பது அதன் சாரம். ஐம்பத்தேழு ஆண்டுகள் அத்தீர்ப்பு நின்றது. 2024 நவம்பர் 8ஆம் நாள் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில், அதன் அடிப்படையை விலக்கியது. ஒரு நிறுவனத்தை நிறுவியவர் யார் என்று அறிய, அதன் எண்ணம் யாரிடம் உதித்தது, யாருக்காக உதித்தது, நிலமும் பணமும் யாரிடமிருந்து வந்தன, யார் முன்னின்று உழைத்தனர் என்றெல்லாம் பார்க்கவேண்டும் என்றது. அந்த அளவுகோலை அலிகருக்குப் பொருத்திப் பார்க்கும் பணி மற்றோர் அமர்வுக்கு விடப்பட்டது. 1911இன் பொதுக்கூட்டங்களில் எழுதப்பட்ட சந்தாப் பட்டியல்கள் இதனால் மீண்டும் விரித்துப் படிக்க வேண்டியவையாகிவிட்டன.